தகிட முக்கோணம், தகதிமி சதுரம்: தாளத்தோடு வடிவம் பழக்குவது எப்படி?

அங்கன்வாடியிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை வடிவப் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. நிலா வட்டம், சமோசா முக்கோணம், ஜன்னல் சதுரம் என்று பாடிக்கொண்டே குழந்தைகள் படத்தைத் தொட்டுக் காட்டிவிடுவார்கள். அதே சதுரத்தை ஒரு முனை கீழே வரும்படி திருப்பி வையுங்கள். "டைமண்டு" என்று பதில் வரும். ஒல்லியாக, தலைகீழாக ஒரு முக்கோணம் வரையுங்கள். "இது முக்கோணம் இல்ல, முள்ளு" என்பார்கள்.

குழந்தை முதலில் வடிவத்தை ஒரு முகத்தைப் போலத்தான் அடையாளம் காண்கிறது. பக்கமும் முனையும் அதன் கணக்கில் இன்னும் வரவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே-கெல்டோஃப் என்ற ஆசிரியர் தம்பதி 1957இல் தங்கள் முனைவர் பட்ட ஆய்வுகளில் இதைத்தான் வடிவியல் சிந்தனையின் தொடக்கநிலை என்று வகுத்தார்கள். அந்த நிலையிலிருந்து அடுத்த படிக்கு ஏற, குழந்தை பக்கங்களை எண்ண வேண்டும். பெயரை மட்டும் பாடும் பாட்டில் எண்ணுவதற்கு எதுவும் கிடையாது. எண்ணுகிற வேலையைத் தாளத்திடம் கொடுத்துவிடலாம். நம் ஊரில் அதற்கான சொற்கள் தயாராகவே இருக்கின்றன.

மூன்றுக்குத் தகிட. நான்குக்குத் தகதிமி. ஐந்துக்குத் தகதகிட. ஆறுக்குத் தகிட தகிட. ஏழுக்குத் தகிட தகதிமி. எட்டுக்குத் தகதிமி தகதிமி. மிருதங்கம் கற்பவர்கள் வாயால் சொல்லும் அதே சொற்கட்டுதான். சங்கீதம் தெரியாத ஆசிரியரும் பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு நேரம் என்பது மட்டும் தவறக்கூடாது. "தகதகிட"வில்தான் பெரியவர்களே இடறுவார்கள். கடைசி "ட"வை இழுத்து ஆறாக்கிவிடுவார்கள். மேசையில் ஐந்து விரலால் தட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வேகம் பற்றி ஒன்று. மெதுவாக அடித்தால் குழந்தைக்கு எளிது என்று நினைப்போம். நான்கைந்து வயதில் மெதுவான தாளத்தைப் பிடித்து நிற்பதுதான் கடினம். அடிக்கும் அடிக்கும் நடுவே கவனம் எங்கோ போய்விடும். மூன்று நொடிக்கு ஐந்து தட்டு என்ற வேகத்தில் தொடங்குங்கள்.

நடந்து அறிவது

4 முதல் 6 வயதுக்கு இதுதான் தொடக்கம். தரையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம், பக்கத்துக்கு 160 செ.மீ. அந்த வயதுக் குழந்தையின் நான்கு அடிக்கு இது சரியாக வரும். முனைகள் மூன்றிலும் கொட்டாங்கச்சியோ சிறு தட்டோ கவிழ்த்து வையுங்கள். குழந்தை கோட்டின் மேலேயே நடந்து ஒரு முனைக்கு வந்து நின்றதும் மற்றவர்கள் ஜால்ராவை ஒருமுறை தட்டி "த" என்பார்கள். அடுத்த முனைக்கு "கி". புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியதும் "ட". நடக்கும்போது பாட நான்கு வரி போதும். எந்தத் தாலாட்டு மெட்டிலும் பொருத்திக்கொள்ளலாம்:

மூணு முனை நடந்து வா
முட்டு முட்டு நின்னு வா

தகிட தகிட தட்டிக்கிட்டே
தொடங்கின எடம் வந்து வா

சதுரத்துக்கு "நாலு முனை", "தகதிமி". கோட்டை வரைவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு பக்கம் எப்போதும் கீழே தட்டையாகவே இருக்கும்படி வரைந்தால் பழைய சிக்கலே திரும்பும். ஒரு நாள் முனை கதவைப் பார்க்கட்டும், மறுநாள் சுவரைப் பார்க்கட்டும். மூன்றாவது நாள் ஒல்லி முக்கோணம். எப்படித் திருப்பினாலும் தகிடதான் என்பதைக் கால் கண்டுபிடித்துவிடும்.

இங்கே எல்லோருக்கும் வரும் பிழை ஒன்று உண்டு. புறப்படும்போதும் ஒரு தட்டு, திரும்பி வந்தபோதும் ஒரு தட்டு. முக்கோணத்துக்கு நாலு, சதுரத்துக்கு அஞ்சு என்று கணக்கு வந்து நிற்கும். குழந்தையின் மேல் தவறில்லை. தாளத்தில் முதல் தட்டு தொடக்கத்திலேயே விழ வேண்டும் என்று காது கேட்கிறது. இரண்டு வழிகள் இருக்கின்றன. புறப்படும் முனையில் ஒரு செருப்பைப் போட்டு, "கிளம்பும்போது தட்டாதே, சேர்ந்ததும் தட்டு" என்று விதி வைக்கலாம். அல்லது நிறுத்தாமல் மூன்று சுற்று நடக்கவிடலாம். அப்போது ஒரு சுற்றின் முடிவும் அடுத்த சுற்றின் தொடக்கமும் ஒரே தட்டு என்று தெரிந்துவிடும். பாட்டு கற்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவது வழியே பொருந்தும்.

மூலை, முனை என்ற சொற்களிலும் கொஞ்சம் எச்சரிக்கை. வீட்டில் மூலை என்றால் அறையின் உள்ளே, துடைப்பம் சாத்தி வைக்கும் இடம். முனை என்றால் வெளியே குத்துவது. கோட்டில் நடக்கும்போது முனை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பதில் கிடைக்கும் இன்னொரு லாபம் திரும்புதல். சதுரத்தின் முனையில் கால்வாசி திரும்பினால் போதும். முக்கோணத்தின் கூர்முனையில் அதைவிட அதிகம் திரும்ப வேண்டும். கிட்டத்தட்ட வந்த வழியே போவதுபோல இருக்கும். கூர்மையான முனைக்குக் குறைவாகத் திரும்பினால் போதும் என்றுதான் பெரியவர்களும் நினைப்பார்கள். நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடலூரில் சித்திரை, வைகாசி மாதங்களில் மொட்டைமாடியில் இதை வைத்துக்கொள்வதானால் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் வெறுங்காலில் தரையை மிதிக்க முடியாது. சில்வர் பீச்சில் மாலையில் ஈர மணலில் குச்சியால் கோடு போடலாம். காய்ந்த மணலில் இரண்டாவது குழந்தை நடப்பதற்குள் கோடு அழிந்துவிடும். அலை வந்து போகும் எல்லைக்கு மேலே, கடலுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் ஒரு பெரியவர் நின்றே ஆக வேண்டும்.

வட்டத்துக்குத் தட்டு இல்லை

வட்டத்தில் முனை இல்லாததால் தட்டவும் இடமில்லை. சுருதிப் பெட்டியையோ கைப்பேசியின் தம்பூராவையோ ஓடவிட்டு "ஊம்ம்ம்" என்று ஒரே மூச்சில் இழுத்தபடி நடக்கட்டும். நடுவில் ஒரு முளைக்குச்சி, அதில் ஒரு மீட்டர் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு குச்சி கட்டிக் கோடு இழுத்தால் வட்டம் வரும். தொடங்கிய இடத்தில் கோடு சேராமல் சுருள் போல உள்ளே போய்விட்டால், கயிறு முளையைச் சுற்றிக்கொண்டு நீளம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். முளையில் இறுக்கி முடிச்சுப் போடாமல், சுழலும்படி தளர்வாக ஒரு வளையம் போட்டால் சரியாகும். முட்டை மாதிரி வந்தால் கயிறு தொய்ந்திருக்கிறது. வட்டத்துக்கு ஒரு பக்கமா, பக்கமே இல்லையா என்ற வாதத்தில் இந்த வயதுக் குழந்தைகளை இழுத்து விடாதீர்கள். முனை இல்லை, நடுவிலிருந்து எங்கும் ஒரே தூரம், இவ்வளவு போதும்.

பன்னிரண்டு இடைவெளிக் கயிறு

6 வயதுக்கு மேல் இதைவிட நல்ல கருவி இல்லை. 5 மீட்டர் 20 செ.மீ. பருத்திக் கயிறு, சுண்டுவிரல் தடிமன். தேங்காய்நார்க் கயிறு கையைக் குத்தும். நைலான் கயிற்றில் கட்டு வழுக்கும். 40 செ.மீ. குச்சி ஒன்றை அளவுகோலாக வெட்டிக்கொள்ளுங்கள். கயிற்றின் ஓரத்தில் 20 செ.மீ. விட்டு முதல் குறி, அதிலிருந்து 40 செ.மீ.க்கு ஒன்றாக மொத்தம் 13 குறிகள். முதல் குறியையும் கடைசிக் குறியையும் ஒன்றாக வைத்து, மீதிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது 12 குறி, 12 இடைவெளி. 12 குறி மட்டும் போட்டுவிட்டுக் கட்டுபவர்கள் 11 இடைவெளியோடு திகைத்து நிற்பார்கள். முக்கோணத்தைச் சுற்றி நாலு தட்டிய குழந்தையின் அதே பிழைதான், தலைகீழாக. குறிக்கு முடிச்சுப் போடாமல் கலர் துணிக் கிழிசலைக் கட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சும் சில சென்டிமீட்டர் கயிற்றை விழுங்கிவிடும், முடிச்சுக்கு முடிச்சு அளவும் மாறும்.

மூன்று பேர் நான்கு நான்கு இடைவெளியில் பிடித்து இழுத்தால் சமபக்க முக்கோணம். நான்கு பேர் மூன்று மூன்றில் பிடித்தால் சதுரம். 4-2-4-2 செவ்வகம். ஆறு பேர் இரண்டிரண்டில் பிடித்தால் அறுங்கோணம். பன்னிரண்டு பேரும் ஒவ்வொரு குறியைப் பிடித்துச் சமமாக இழுத்தால் ஏறக்குறைய வட்டமே வந்துவிடும். அதைப் பார்த்ததும் குழந்தைகள் போடும் சத்தத்துக்கு ஜால்ரா தேவைப்படாது.

இப்போது தாளம் இடைவெளிகளை எண்ணும். வெளியே ஒரு குழந்தை கயிற்றை ஒட்டி நடக்க, ஓர் இடைவெளிக்கு ஓர் அடி, ஓர் எழுத்து. முக்கோணம்: தகதிமி தகதிமி தகதிமி. சதுரம்: தகிட தகிட தகிட தகிட. செவ்வகம்: தகதிமி தக தகதிமி தக. எல்லாமே பன்னிரண்டில் முடிகின்றன, கயிறு ஒன்றே என்பதால். சுற்றளவு என்ற சொல்லைச் சொல்லாமலே அதைக் காதால் கேட்கிறார்கள்.

கவனித்திருப்பீர்கள்: முதல் ஆட்டத்தில் தகிட முக்கோணத்துக்கு, இங்கே தகிட சதுரத்தின் பக்கத்துக்கு. இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்தால் குழப்பம் நிச்சயம். அங்கே எழுத்து முனையை எண்ணியது, இங்கே அடியை எண்ணுகிறது. நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். கயிற்று ஆட்டத்தில் முனைக்கு ஜால்ராவும், அடிக்குக் கொட்டாங்கச்சித் தட்டும் என்று ஒலியைப் பிரித்துவிட்டால் இன்னும் தெளியும்.

8 வயதுக்கு மேல் ஒரு விருந்து வைத்திருக்கிறது இந்தக் கயிறு. பக்கங்கள் 3, 4, 5 என்று பிடிக்கச் சொல்லுங்கள்: தகிட, தகதிமி, தகதகிட. மூன்றும் நான்கும் சேரும் முனையில் சரியான செங்கோணம் வந்திருக்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன் நூல் கட்டும் கொத்தனார், மூன்றடி, நாலடி, ஐந்தடி வைத்து மூலைமட்டம் பார்ப்பது இதே கணக்கில்தான். சரிபார்க்க எந்தக் காகிதத்தையும் ஒருமுறை மடித்து, மடித்த விளிம்பே தன்மேல் பொருந்தும்படி மறுமுறை மடித்தால் செங்கோண முனை கிடைக்கும். அதைக் கயிற்றின் முனையில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் யாரோ கயிற்றைத் தொய்யவிட்டிருக்கிறார்கள்.

தாளத்தால் ஆகாத ஒன்று

தாளம் எண்ணும், கோணத்தை அளக்காது. சதுரத்துக்கும் சாய்சதுரத்துக்கும் பக்கம் ஒன்றே, தட்டும் ஒன்றே. இதைக் கைக்குக் கொண்டுவரக் குச்சி வேண்டும்.

தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் (காற்றடிக்கும் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்) இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை அரவிந்த் குப்தா 1970களின் இறுதியில், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் இருந்தபோது உருவாக்கிப் பரப்பினார். பழைய சைக்கிள் கடைகளில் வால்டியூப் இன்னும் கிடைக்கிறது. தீக்குச்சியின் மருந்தை முன்கூட்டியே பெரியவர்கள் சுரண்டி எடுத்துவிட வேண்டும். 2 செ.மீ. டியூப் துண்டு ஒன்றின் இரு வாயிலும் இரண்டு குச்சிகளைச் செருகினால் ஓர் இணைப்பு. முக்கோணத்துக்கு 3 குச்சி, 3 துண்டு. சதுரத்துக்கு 4 குச்சி, 4 துண்டு.

செய்து முடித்ததும் ஒரு முனையை மெல்ல அமுக்கச் சொல்லுங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகும். முக்கோணம் அசையாது. மூன்று பக்க நீளமும் முடிவாகிவிட்டால் முக்கோணத்துக்கு வேறு உருவம் கிடையாது. நான்கு பக்கம் என்றால் கோணம் ஊசலாட இடமுண்டு. பிறகு ஈர்க்குச்சியில் 10 செ.மீ. பக்கமாக ஒரு சதுரம் கட்டி, குறுக்கே ஏறத்தாழ 14 செ.மீ. குச்சியை வைக்கட்டும். நின்றுவிடும். வீட்டு ஓட்டுச்சாய்ப்பிலும், மின்கோபுரத்திலும் குறுக்குச் சட்டம் ஏன் என்பதை அவர்களே சொல்வார்கள். ஈர்க்குச்சியின் நுனிப்பக்கம் மெலிந்திருப்பதால் டியூபிலிருந்து கழன்றுவிடும். அடிப்பக்கத் துண்டுகளை மட்டும் எடுங்கள்.

டியூப் கிடைக்காதவர்களுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையும் பல்குத்தியும் உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, ஒரு மணி நேரம் துணியில் உலர்த்துங்கள். ஈரமாக இருந்தால் வழுக்கும், அரைகுறையாக ஊறினால் பிளக்கும். செய்ததை இரண்டு நாள் வைத்தால் கடலை சுருங்கி குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும். 5 வயதுக்குக் கீழே இது வேண்டாம். கடலை வாய்க்கும் மூக்குக்கும் போகும், குச்சி கண்ணுக்குப் போகும்.

புள்ளியிலிருந்து

கோலப்புள்ளி வைக்கத் தெரிந்த அம்மாவோ ஆயாவோ பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நேர்ப்புள்ளி (புள்ளிக்கு நேர்கீழே புள்ளி) வைத்தால் சதுரங்கள் கிடைக்கும். ஊடுபுள்ளி (இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி) வைத்தால் முக்கோணமும் அறுங்கோணமும். சதுரம் திரும்பினால் டைமண்டாகிவிடாது என்பதற்கு இதுவே நல்ல சாட்சி: மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளியில் நடுப்புள்ளியை விட்டுவிட்டு, ஓரங்களின் நடுவில் உள்ள நான்கு புள்ளிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். சாய்ந்து நிற்பதும் சதுரமே. அதே அளவில் வெட்டிய காகிதச் சதுரத்தைத் திருப்பி வைத்துப் பொருத்திக் காட்டுங்கள்.

ஊடுபுள்ளிக்கு 5 புள்ளி, 3 வரை: வரிசையாக 3, 4, 5, 4, 3; மொத்தம் 19. புள்ளிக்குப் புள்ளி 10 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 10 வைக்காதீர்கள், முக்கோணம் நெட்டையாகிவிடும். ஏறத்தாழ 8.7 செ.மீ. இருக்க வேண்டும். கோலம் போடுபவர்கள் கண்ணாலேயே இதைச் சரிசெய்துவிடுவார்கள்; நமக்கு ஸ்கேல் வேண்டும். பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் சேர்த்தால் உள்ளே 24 சிறு முக்கோணங்கள் வரும். ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தகிட சொல்லி எண்ணட்டும். எட்டு தகிட சொன்னதும் மொத்தத்தில் எத்தனையில் ஒரு பங்கு முடிந்தது என்று பெரிய பிள்ளைகளிடம் கேளுங்கள்.

உருட்டினால் என்ன சத்தம்?

சார்ட் பேப்பரை 13 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள், ஒரு செ.மீ. ஒட்டுவதற்கு. மீதி 12ஐ 4 செ.மீ.க்கு ஒன்றாக மடித்து ஒட்டினால் முக்கோணக் குழல். 3 செ.மீ. மடிப்பில் சதுரக் குழல். 2 செ.மீ.யில் அறுகோணக் குழல். மடிக்காமல் சுருட்டினால் உருளை. ஒவ்வொன்றிலும் பத்துப் புளியங்கொட்டை போட்டு இரண்டு வாயையும் டேப்பால் மூடுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். தரையில் தள்ளினால் முக்கோணக் குழல் ஒரு சுற்றுக்கு மூன்றுமுறை டொக் என்று விழும். சதுரம் நான்கு. அறுகோணம் ஆறு, ஆனால் மெல்லிய சத்தம். உருளையில் டொக்கே கிடையாது, கொட்டைகள் சரசரவென்று ஓடும் ஒலி மட்டும். வட்டத்துக்கு "ஊம்" இழுத்தது இங்கே காதில் திரும்ப வருகிறது. சரிவுப் பலகையில் வைத்துப் பார்க்க விரும்பினால் மேலே சாக்கு விரிக்க வேண்டும். வழுவழுப்பான பலகையில் முக்கோணமும் சதுரமும் உருளாமல் சறுக்கிப் போய்விடும். மடிப்பு கூராக வராவிட்டால் எல்லாக் குழலும் உருளையைப் போலவே ஓடும். முதலில் ஸ்கேல் வைத்துப் பேனாவால் அழுத்திக் கோடு கீறிவிட்டு மடியுங்கள்.

களிமண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பிசைந்த மண் எளிதாகக் கிடைக்கும். ஆறு குழந்தைகளுக்கு ஒரு கிலோ. கோளம், உருளை, கூம்பு செய்து, இழுத்துப் பிடித்த நூலால் அறுக்கட்டும். உருளையை நேராக அறுத்தால் வட்டம், சாய்வாக அறுத்தால் நீள்வட்டம். கூம்பைத் தரையில் தள்ளினால் நேராகப் போகாது, தன் நுனியைச் சுற்றியே வரும்.

வெளியே கூட்டிப்போனால்

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய பகுதியில் தெருக்கள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. ஞாயிறு அதிகாலையில் ஒரு மனைத்தொகுதியைச் சுற்றி வாருங்கள். நான்கு முறை திரும்பினால் புறப்பட்ட இடம். ஆரோவில் மாத்ரிமந்திரைக் காட்சிமேடையிலிருந்து பார்த்தால் எல்லாரும் கோளம் என்பார்கள். அதன் விட்டம் 36 மீட்டர், உயரம் 29 மீட்டர். பந்தை மேலிருந்து லேசாக அமுக்கியதுபோல என்று களிமண்ணில் செய்து காட்டலாம்.

கடலூர்ப் பிள்ளைகளுக்குத் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் கோபுரம் இருக்கிறது. முக்கோணம் என்றுதான் முதலில் சொல்வார்கள். மேலே தட்டையாக முடிவதைக் காட்டி, நாலு முனை எண்ணி, சரிவகம் என்ற சொல்லை அங்கேயே கொடுத்துவிடுங்கள். எண்கோணத்துக்கு வடலூர். வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபை எட்டுப் பக்கம் கொண்டது. அங்கே கைதட்டல் கூடாது. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்துக்கு விரல் எண்ணுவதுபோல மடியில் விரலை வைத்துச் சத்தமில்லாமல் எண்ணியபடி சுற்றி வரட்டும்.

கற்றுக்கொண்டார்களா என்று பார்க்க, வடிவத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். தகதகிட என்று தட்டிவிட்டு, ஐந்து பேரிடம் கயிற்றைக் கொடுங்கள். பன்னிரண்டு இடைவெளியை ஐந்து சம பங்காகப் பிரிக்க முடியாமல் தடுமாறி, 3-3-2-2-2 என்று ஒரு கோணல் ஐங்கோணத்தைப் பிடித்துக் காட்டுவார்கள். அது சரியான விடைதான். "எல்லாப் பக்கமும் ஒண்ணா வரல்லியே" என்று யாராவது முறையிட்டால், ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு இடைவெளி எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைக் கயிற்றுக்கு உள்ளே மடித்து ஒருவர் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் கயிற்றை நிழலில் உலர்த்தித் தொங்கவிடுங்கள்; கடற்காற்றில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடித்து, துணிக் குறிகள் சாயம்போய்விடும்.